ஸ்வாமியின் முகத்தில் முத்திரை: அஞ்சலக ஊழியர் கியாசுதீன் மீதான மெமோவை விலக்கிக்கொள்ள வேண்டுதல்

அனுப்புநர்:
சத்யபாமா சேஷு,
நந்தவனத் தெரு, ஸ்ரீரங்கம்.

பெறுநர்:
உயர்திரு அஞ்சல் கண்காணிப்பாளர் அவர்கள்,
திருச்சிராப்பள்ளி.

பொருள்: நன்றி தெரிவித்தலும், திரு. கியாசுதீன் மீதான மெமோவை ரத்து செய்யக் கோருதலும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஆசார்யர் ஸ்ரீ நித்யகல்யாண ஸ்வாமிக்கு அஞ்சல்தலை வெளியிட்டதற்கு முதலில் தங்கள் துறைக்கு மனமார்ந்த நன்றி. அன்று எங்கள் தெருவில் பாயசம் வைக்காத வீடு இல்லை.

2. மறுநாளே சங்கடம் தொடங்கியது. ஆசார்யன் படத்தை எச்சில் தொட்டு ஒட்டுவது எப்படி? எங்கள் துணை அஞ்சலகக் கவுண்டரில் இருக்கும் திரு. கியாசுதீன், நாங்கள் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் நல்ல தண்ணீரும் பஞ்சும் வைத்தார். அந்த மனிதருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் போதாது.

3. அத்துடன் நாங்கள் நிறுத்தியிருக்கலாம். ஸ்வாமியின் முகத்தில் கறுப்பு மை விழக் கூடாது என்று என் கணவர் தலைமையில் பத்துப் பேர் போய் நின்றோம். எங்களுக்குப் பக்தி ஜாஸ்தி, விதிமுறை தெரியாது. அவரும் மனம் கேட்காமல், முத்திரையை ஓரத்தில் மட்டும் படும்படி குத்தத் தொடங்கினார்.

4. சோதனைக்கு வந்த அதிகாரி, இப்படி விட்டால் அஞ்சல்தலையை உரித்து மறுபடி பயன்படுத்துவார்கள் என்று மெமோ கொடுத்திருக்கிறார். அவர் அச்சம் நியாயமே. எங்கள் தெருவில் சிலர் உரித்தார்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் உரித்தவை எல்லாம் அவரவர் பூஜை அறையில் இருக்கின்றன. தாங்களே வந்து பார்க்கலாம், நல்ல காபி தருகிறேன்.

5. கியாசுதீனை வையம்பட்டிப் பக்கம் மாற்றக்கூடும் என்று கேள்விப்பட்டேன். அவர் மகள் ஹஃப்ஸா இந்த ஆண்டு பிளஸ் டூ. எங்களுக்காக இரங்கியவர் குடும்பம் இதனால் அலைக்கழிவதா என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

6. ஸ்வாமி உயிரோடு இருந்தவரை உபந்யாசக் கூடத்தில் தம் படத்தை மாட்ட விட்டதில்லை. மாட்டினால் தாமே ஏறிக் கழற்றுவார். அவருக்கு இல்லாத கவலை எங்களுக்கு எதற்கு என்று தெருவில் எல்லோரிடமும் பேசி முடிவு செய்துவிட்டோம்.

7. நேற்று உப்பிலியபுரத்தில் இருக்கும் என் தங்கை அனுசுயாவுக்கு எழுதிய கடிதத்தை நானே கொண்டுபோய், முகத்தின் மேலேயே குத்தச் சொன்னேன். கியாசுதீன் முத்திரையைக் கையில் எடுத்தவர் தயங்கினார். "மாமி, நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க" என்றார். நான் திரும்பவில்லை. முத்திரை முழுதாக விழுந்தது. மைக்கு அடியிலும் ஸ்வாமி சிரித்த முகமாகத்தான் இருந்தார்.

8. இனி எங்கள் தெருக் கடிதங்கள் எல்லாம் அப்படியே போகும். ஆகவே மெமோவை விலக்கி, அவரை எங்கள் கவுண்டரிலேயே இருக்க விடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். யாரையாவது விசாரித்தே தீர வேண்டும் என்றால், கேட்டவர்கள் நாங்கள். எங்களைக் கூப்பிடுங்கள், வருகிறோம்.

என்றும் நன்றியுள்ள,
(ஒப்பம்) சத்யபாமா சேஷு

இடம்: ஸ்ரீரங்கம்
நாள்: 14.11.2024