ஹாலுக்கு அம்மா தேர்ந்தெடுத்த நிறம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுறது.

இங்க நானும் உங்கம்மாவும் நல்லா இருக்கோம், போன மழைக்காலத்தை விட இப்ப ரொம்பவே நல்லா இருக்கோம், ஏன்னு போகப் போகத் தெரியும். நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, வேளைக்குச் சாப்பிட்டு, தூங்குற நேரத்துல தூங்கி நல்லா இருக்கணும். புது வீட்டுக்குக் குடி போனதுல இருந்து நீ போன்ல கேட்டதையே கேட்டுக்கிட்டு இருக்கே. சுவர்ல ஓதம் ஏறுதே என்ன பண்றது, கரண்ட் பில் ஏன் இப்படி வருது, ஹாலுக்கு என்ன நிறம் அடிக்கலாம். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தாப் போதும், உங்கம்மா போனைப் பிடுங்கிடுறா. அதான் எழுதிடலாம்னு உட்கார்ந்தேன். நீ கேட்டதெல்லாமே இந்த வருஷம் நம்ம வீட்டுலயும் வந்துச்சு பாப்பா. அதைச் சொல்லணும்னா உன்கிட்ட சொல்லாம வச்சிருந்த ஒரு விஷயத்தையும் சொல்லியாகணும். பயப்படாதே, முக்கியமானது நல்லபடியா முடிஞ்சுடுச்சு, முடிஞ்சதாலதான் எழுதுறேன். முழுசாப் படிச்சுட்டு போன் பண்ணு, பாதியில பண்ணாதே.

முதல்ல ஓதம். நம்ம ஹால் ஜன்னலுக்குக் கீழே சுவர் உப்பிக்கிட்டு வந்து, கை வச்சா காரை பொலபொலன்னு உதிர ஆரம்பிச்சுது. நான் வழக்கம்போல ரெண்டு கோட்டு பெயிண்ட் அடிச்சா மறைஞ்சுடும்னு சொன்னேன். உங்கம்மா, வீங்கின காலுக்குப் புதுச் செருப்பு வாங்கின கதையா இருக்குன்னு சிரிச்சா. சரின்னு வெளியே போய்ப் பார்த்தா மாடியில இருந்து வர்ற மழைத்தண்ணிக் குழாயோட வளைவுல விரிசல், பெய்யுற தண்ணியெல்லாம் சுவரோடயே வழிஞ்சு இறங்கியிருக்கு. நீயும் உள்ளே இருந்து சுவரைச் சுரண்டிக்கிட்டு இருக்காதே, சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பாரு. குளியலறையா, குழாயா, பக்கத்து வீட்டுத் தொட்டியா. தண்ணி வர்ற வழியை அடைச்ச பிறகு காரையைக் கொத்தி எடுத்துட்டு நல்லாக் காய விடணும். காஞ்சுதான்னு தெரிய ஒரு பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டி வை, மறுநாள் உள்பக்கம் முத்து முத்தா வியர்த்திருந்தா இன்னும் காயலன்னு அர்த்தம். மாப்பிள்ளை அவசரப்பட்டாலும் நீ விடாதே.

நம்ம சுவர் காஞ்சதும் பெயிண்டர் வந்தார். இவ்வளவு தூரம் வந்தாச்சு, ஹால் முழுக்கவே அடிச்சுடலாம்னு முடிவாச்சு. நம்ம வீடு என்னிக்குமே வெள்ளைதான்னு உனக்குத் தெரியும். வெள்ளை அடிச்சா வெளிச்சம் நல்லாத் தெறிக்கும், விளக்கு கம்மியாப் போதும்னு ஒவ்வொரு தடவையும் நானே சொல்லி நானே முடிச்சுடுவேன். லிஃப்ட் ரிப்பேர் பார்த்தே ரிட்டயர் ஆன எனக்குச் சுவர்னா சுவர், அவ்வளவுதான். இந்தத் தடவை உங்கம்மா, ஒரே ஒரு தடவை நான் சொல்ற நிறம் அடிக்கக் கூடாதான்னு கேட்டா. கல்யாணம் ஆனதுல இருந்து இந்த வீட்டுக்குன்னு அவ வாய் திறந்து கேட்டது அது ஒண்ணுதான். நான் என்னத்தச் சொல்ல, தாராளமான்னு சொல்லிட்டேன். பெயிண்டர் நிற அட்டையை விரிச்சார். அவ குனிஞ்சு குனிஞ்சு பார்த்தா, வெளிர் நிறம் எல்லாம் ஒண்ணு போலவே அழுக்கா இருக்குன்னா, கடைசியில ஒண்ணு மேல விரலை வச்சு, இந்தச் சாம்பல் கலந்த நீலம் எவ்வளவு அமைதியா இருக்கு பாருங்கன்னா. நான் பார்த்தேன். பளீர்னு கத்திரிப்பூ நிறம். பெயிண்டர் என்னைப் பார்த்தார். அம்மா, இதுதானான்னு ரெண்டு தடவை கேட்டார். அவ முகத்துல இருந்த சந்தோஷத்தைப் பார்த்துட்டு நான், அம்மா சொல்றதுதான் சரி, அடிங்கன்னுட்டேன். என்னமோ புதுசா நாகரிகப் பேர்ல சொல்றா போலன்னு நினைச்சுக்கிட்டேன். அடிச்சு முடிச்சு, மூடி வச்ச துணியை எல்லாம் எடுத்தப்ப எனக்குக் கத்திரிக்காய்க்குள்ள குடி வந்த மாதிரி இருந்துச்சு. காபி குடிக்க உட்கார்ந்தா காபியே ஊதாவாத் தெரியுது. உங்க அத்தை வந்தா, வாசல்லயே நின்னு கண்ணைச் சிமிட்டிட்டு, அண்ணி, நல்லா எடுப்பா இருக்குன்னு சொல்லிட்டு நேரா சமையலறைக்குப் போய் உட்கார்ந்துக்கிட்டா. நீ வீடியோல பார்த்துட்டு போன் கேமரா ரிப்பேராப்பான்னு கேட்டியே ஞாபகம் இருக்கா, ஆமாம்மா ரிப்பேர்தான்னு சொன்னேன் பாரு, அது இந்தக் கதைதான்.

இதெல்லாம் சிரிச்சுட்டுப் போற விஷயம். ஆனா அதே சமயத்துல வேற சிலதும் நடந்துச்சு. உங்கம்மா திடீர்னு பேக்கரி வேலையை விட்டுட்டா. கால் வலிக்குது, நின்னுக்கிட்டே கேக்குல பேர் எழுத முடியலைன்னு உன்கிட்டயும் சொன்னாளே. ஆனா வீட்டுக்குள்ள கீழே மேலே ஏறி இறங்குறப்ப ஒரு வலியும் காணோம். சாம்பார்ல ஒரு நாள் உப்பு ரெண்டு தடவை விழுந்துடும், ஒரு நாள் விழவே விழாது. கேட்டுல நின்ன எதிர்வீட்டு வாத்தியாரைப் பார்த்து, பால்காரரே நாளைக்கு அரை லிட்டர் கூடப் போடுங்கன்னா. அவரும் மரியாதைக்குத் தலையாட்டிட்டுப் போனார். அந்த நேரம் பார்த்து கரண்ட் பில் எகிறிடுச்சு. நான் விடுவேனா, டூல்ஸ் பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டேன். ஃபிரிட்ஜ் கதவுல ஒரு தாளை வச்சு மூடி இழுத்துப் பார்த்தேன், தாள் வராம இறுக்கமா நின்னுச்சு, அப்ப ரப்பர் நல்லா இருக்குன்னு அர்த்தம். நீயும் செஞ்சு பாரு, லேசா உருவிக்கிட்டு வந்தா ரப்பரை மாத்திடு. ஃபிரிட்ஜைச் சுவரோட ஒட்டி வைக்காதே, முதுகுப் பக்கம் காத்து போகணும். அடுத்து வீட்டுல எல்லா சுவிட்ச்சையும் அணைச்சுட்டு மீட்டரைப் பார்த்தேன், சின்ன விளக்கு மினுக்கவே இல்ல. எங்கேயும் கசிவு இல்ல, நாமதான் செலவு பண்றோம். அப்புறம்தான் கண்டுபிடிச்சேன். குளியலறை ஹீட்டர் காலையில போட்டது சாயந்திரம் வரைக்கும் எரிஞ்சுக்கிட்டு இருக்கு. பட்டப்பகல்ல எல்லா ரூம்லயும் ட்யூப்லைட். கேட்டா, அணைச்சேனேங்கிறா.

பாப்பா, அப்ப நான் டூல்ஸ் பெட்டியை மூடி வச்சுட்டேன். உப்பு மறக்குறா, ஆளை மறக்குறா, ஹீட்டரை மறக்குறா. இது கரண்ட் விஷயம் இல்லன்னு எனக்குள்ள ஒண்ணு சொல்லுது. யார்கிட்டயும் சொல்லல, உன்கிட்டயும் சொல்லல, அவ்வளவு தூரத்துல இருக்கிற புள்ளைகிட்ட என்னன்னு சொல்றது. பேச்சுவாக்குல அவளுக்குப் பரீட்சை வைக்க ஆரம்பிச்சேன். நம்ம கல்யாணத்தன்னிக்கு மழை எப்போ பிடிச்சுது, பாப்பா முதல்ல பேசின வார்த்தை என்ன, என் பழைய ஆபீஸ் எந்த மாடின்னு. அவ எல்லாத்துக்கும் பட்டுபட்டுன்னு சொல்லிட்டு, கல்யாணத்தன்னிக்கு நான் தாமதமா வந்ததையும் சேர்த்துச் சொல்லிட்டு, எனக்கு எதுக்குங்க பரீட்சை வைக்கிறீங்க, ரிட்டயர் ஆன பிறகு வாத்தியார் வேலைக்குப் போகப் போறீங்களான்னு கேட்டா. புத்தி கத்தி மாதிரி இருக்கு. அப்ப இதெல்லாம் என்னன்னு எனக்குப் பிடிபடல. விளக்குச் சண்டை மட்டும் நடந்துக்கிட்டே இருந்துச்சு, நான் அணைச்சுக்கிட்டே போவேன், அவ போட்டுக்கிட்டே பின்னாடி வருவா.

ஒரு நாள் மத்தியானம். அவ சமையலறையில நிக்குறா. நான் தண்ணி குடிக்கப் போனவன் பழக்க தோஷத்துல லைட்டை அணைச்சேன். வழக்கமா உடனே ஒரு சத்தம் வரும், வரல. திரும்பிப் பார்த்தேன். அவ அசையாம நின்னுக்கிட்டு, மேடை மேல கையை மெதுவாத் தடவிக்கிட்டு இருந்தா. தேடுற டம்ளர் அவ கைக்கு முன்னாடிதான் இருக்கு. வெளியே அப்படி வெயில் அடிக்குது. கை டம்ளர்ல பட்டு அது உருண்டு கீழே விழுந்துச்சு. அவ குனியக்கூட இல்ல. லைட்டைப் போடுங்க, எனக்குத் தெரியலைங்கன்னா. நான் லைட்டைப் போட்டுட்டு, எத்தனை நாளாம்மான்னு கேட்டேன். அப்புறம்தான் கொஞ்சம் கொஞ்சமாச் சொன்னா. எல்லாம் பனி மூட்டத்துக்குள்ள இருக்கிற மாதிரி இருக்காம். ஹீட்டர் சுவிட்ச்சுல சிவப்பு விளக்கு எரியுதா இல்லையான்னே தெரியாதாம், ஸ்பூன்ல உப்பு வந்துச்சா இல்லையான்னும் தெரியாதாம். பேக்கரியில ஒரு குழந்தையோட பிறந்தநாள் கேக்குல வெள்ளை மேலேயே வெள்ளை க்ரீம்ல பேர் எழுதி வச்சுட்டா, அவளுக்கு அது ரோஸ்னு தோணியிருக்கு. கேக்கு வாங்க வந்தவங்க, பேர் எங்கேன்னு கேட்டிருக்காங்க. அன்னிக்கே கால் வலின்னு சொல்லிட்டு வந்துட்டா. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். ஆபரேஷன்னு சொல்லுவாங்க, எனக்குப் பயமா இருக்கு, இருக்கிற வெளிச்சமும் போயிட்டா என்ன பண்றதுன்னா. நான் அவ பக்கத்துல தரையில உட்கார்ந்துட்டேன். சிரிப்பும் வருது, அழுகையும் வருது. கண்ணுதானா, கண்ணுதானான்னு திரும்பத் திரும்பக் கேட்டேனாம். கண்ணு போகுதுங்கிறேன், இந்த மனுஷன் லாட்டரி விழுந்த மாதிரி சிரிக்கிறாரேன்னு அவளுக்குக் கோபம். மறதி நோயோன்னு நான் பயந்துக்கிட்டு இருந்ததைச் சொன்னதும், அதுக்குத்தான் அந்தப் பரீட்சையான்னா. அப்புறம் ரெண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து சிரிச்சோம்.

மறுநாளே கண் டாக்டர்கிட்டப் போனோம். டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசுதான், பொறுமையாப் பார்த்துட்டு, ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு, பழுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு உலகத்தைப் பார்க்கிற மாதிரிதான் இவங்க பார்த்துக்கிட்டு இருந்திருக்காங்க, நீலமும் ஊதாவும்தான் முதல்ல மங்கும்னாங்க. நீலமும் ஊதாவுமா! எனக்கு ஹால் ஞாபகம் வந்துடுச்சு. ஆபரேஷன் அன்னிக்கு உங்கம்மா என் கையை நசுக்கினதுல இன்னும் விரல் வலிக்குது, ஆனா உள்ளே போனதும் தெரியல, வந்ததும் தெரியல, இதுக்கா இவ்வளவு பயந்தேன்னு வெளியே வந்து அவளே சொன்னா. முதல்ல வலது கண்ணு. கட்டைப் பிரிச்சதும் என்னைத்தான் பார்த்தா. இவ்வளவு நரை எப்ப வந்துச்சு, தாடைக்குக் கீழே ஒரு பக்கம் ஷேவே பண்ணலையே, இப்படியேதான் ஊரைச் சுத்திக்கிட்டு இருந்தீங்களான்னா. வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். ஹால்ல ரெண்டு அடி வச்சவ நின்னுட்டா. நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தா. யாருங்க இப்படி அடிச்சதுன்னா. நான் அவளைக் கை காட்டினேன். நானான்னு கேட்டா, தலையாட்டினேன். அப்படியே சோபாவுல விழுந்து சிரிச்சா பாரு, கண்ணுல தண்ணி படக் கூடாதுன்னு டாக்டர் சொன்னதை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருந்துச்சு. இதைப் பார்த்துக்கிட்டே எப்படிங்க சோறு இறங்குச்சு, ஏன் ஒரு வார்த்தை சொல்லலைன்னு கேட்டா. நீ ஆசையா முதல் தடவையாக் கேட்ட நிறம், வேண்டாம்னு எப்படிச் சொல்றதுன்னேன். அவ சிரிப்பை நிறுத்திட்டா. எழுந்து வந்து சுவரைத் தடவிக்கிட்டே, நல்ல ஜோடிதான் நாம, பார்க்க முடியலைன்னு நான் சொல்லல, பார்க்கச் சகிக்கலைன்னு நீங்க சொல்லலைன்னா.

இப்ப வீட்டுக்குள்ள இன்ஸ்பெக்டர் வந்த மாதிரி இருக்கு. ஒட்டடை, சுவிட்ச் போர்டுல எண்ணெய்க் கறை, நான் ஒட்டவச்ச ஓடு கோணலா இருக்கிறது, எதுவும் தப்பிக்க முடியல. பேக்கரி முதலாளியம்மா விஷயம் கேள்விப்பட்டு வீட்டுக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க, காலையில மட்டும் போயிட்டு வர்றா. அதுல எனக்குத்தான் நஷ்டம், முன்ன வந்த மாதிரி தப்பா எழுதின கேக்குன்னு ஒண்ணும் வீட்டுக்கு வர்றதே இல்ல. பில் இறங்கிடுச்சு. ட்யூப்லைட் தூங்குது. ஆனா சமையலறை மேடைக்கு மேல நல்ல வெளிச்சமா ஒரு எல்.இ.டி. நானே மாட்டிக் கொடுத்திருக்கேன். நீயும் வெட்டுற இடம், படிக்கிற இடம், படிக்கட்டு, இங்கெல்லாம் விளக்குல கஞ்சத்தனம் பண்ணாதே. மிச்சம் பிடிக்கணும்னா ஹீட்டர்ல பிடி, குளிக்கப் போறதுக்குக் கொஞ்சம் முன்னாடி போட்டாப் போதும். நிறம் கேட்டியே, அட்டையைப் பார்த்து முடிவு பண்ணாதே, சின்ன டப்பா வாங்கி சுவர்ல ஒரு முழம் அடிச்சு, காலையிலயும் பார், சாயந்திரம் விளக்கு போட்டும் பார். முக்கியமா, மாப்பிள்ளைக்கு நிஜமாவே பிடிச்சிருக்கான்னு கேளு. நல்லாத்தான் இருக்குன்னு இழுத்தார்னா பிடிக்கலைன்னு அர்த்தம், எனக்குத் தெரியும்.

நம்ம ஹாலை இன்னும் மாத்தல. பெயிண்டர் கேட்டுக்கிட்டேதான் இருக்கார். உங்கம்மா சாயந்திரமானா சோபாவுல உட்கார்ந்து, ஒரு கண்ணைக் கையால மூடிப் பார்க்கிறா, அப்புறம் அடுத்த கண்ணை. இந்தக் கண்ணுக்கு நான் கேட்ட நிறம், அந்தக் கண்ணுக்கு உங்க கத்திரிக்காய், ஒரே சுவர்தாங்க, நல்ல வேடிக்கைங்கிறா. இடது கண்ணு ஆபரேஷன் அடுத்த மாசம். ஒரு கண்ணை நம்பி நிறம் எடுக்க மாட்டாளாம், ரெண்டும் வரட்டும், அப்புறம் அட்டையை விரிக்கலாம்னு சொல்லிட்டா. என்ன நிறம்னாலும் எனக்குச் சரின்னேன். அந்தப் பேச்சே இனி கூடாது, உங்களுக்கு என்ன பிடிக்கும்னு யோசிச்சு வைங்கன்னுட்டா. இத்தனை வருஷத்துல யோசிச்சதே இல்ல பாப்பா. நாலு நாளா யோசிக்கிறேன், வெள்ளையைத் தவிர ஒண்ணும் தோண மாட்டேங்குது.

ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம, சண்டை போட்டாலும் சீக்கிரம் சமாதானமாகி, நிறைஞ்சு இருங்க. ஜன்னல் பக்கத்துச் சுவருக்கு வெளியே இன்னிக்கே போய்ப் பாரு, மழை வர்றதுக்குள்ள. அம்மாகிட்ட ஆபரேஷனைப் பத்தி நீயாக் கேட்காதே, அவளே உன்கிட்ட நடிச்சுக் காட்டணும்னு காத்துக்கிட்டு இருக்கா, அவ சொல்றப்ப முதல் தடவை கேட்கிற மாதிரி கேட்டுக்கோ.

உன் மேல உயிரையே வச்சிருக்கிற,
அப்பா