ஒரு நிமிட மைக்

ஞாயிறு, செப்டம்பர் 7, காலை 9 மணி, 47 பேர். எங்கள் சபையின் புதிய பருவம் இப்படித் தொடங்கியது.

அம்மாவுக்கு ஸ்தோத்திரம். தையல் பிரித்தாயிற்றா? மாத்திரை போட்டுவிட்டுத்தானே இதைப் படிக்கிறீர்கள்?

இங்கே கோடை விடுமுறை முடிந்து பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி எல்லாம் மறுபடி ஆரம்பிக்கும் நாள் என்பதால், ஆளுக்கொரு நன்றி சொல்ல வேண்டும். மைக் என் பொறுப்பு. ஒரு நிமிடம் தாண்டினால் தானாக அணையும்படி டைமர் வைத்தேன்.

“தம்பி, ஆண்டவருக்கு நன்றி சொல்லவும் கெடுவா?” என்றார் டிரைவர் அண்ணன். நான் மசியவில்லை.

கடைசியில் போதகர் என்னைக் கூப்பிட்டார். உங்கள் ஆபரேஷனைப் பற்றி இங்கே யாரிடமும் மூச்சு விடாதவன், அப்போதுதான் சொன்னேன். தியேட்டருக்குள் உங்களைக் கொண்டுபோனார்கள் என்பதுவரை வந்தேன், மைக் செத்துவிட்டது. யாரும் சிரிக்கவில்லை.

“அம்மா இப்ப எப்படி இருக்காங்க? அதைச் சொல்லிட்டு உட்காருங்க,” என்றார் நர்ஸ் அக்கா.

“நடக்கிறாங்க!” என்று கத்தினேன். கைதட்டலில் கூடம் அதிர்ந்தது. “இவ்வளவு நாளா வாயே திறக்கலையே, நாங்க எதுக்கு இருக்கோம்?” என்று அக்கா திட்டியது தனி.

என்னைப் பாடகர் குழுவிலும் சேர்த்துவிட்டார்கள். நீங்கள் வீட்டில் பாடும் பாட்டுகளை போனில் பதிந்து அனுப்புங்கள். நடுவில் இருமினாலும் வெட்ட வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இனிச் செய்யப்போவது:

1. டைமரைக் கழற்றுவேன்.
2. சனிக்கிழமை ஐந்து மணி ஒத்திகைக்குப் போவேன்.
3. நீங்கள் தும்மினாலும் அன்றைக்கே சபை முழுக்கச் சொல்லிவிடுவேன்.