வாசலில் போட்ட இலை

தாத்தா,

நீங்கள் கோபித்துக்கொண்டு சபையை விட்டு விலகிப் போனீர்கள் என்று அச்சடித்திருக்கிறார்கள். நம் வேதக்கோயில் கட்டி அறுபது ஆண்டு நிறைந்ததற்குப் போட்ட நினைவு மலரில். மேசைமேல் கிடக்கிறது, புது மை வாசம் இன்னும் போகவில்லை. உங்களுக்குக் கொடுத்திருப்பது ஒன்றரை வரி. அந்த ஒன்றரை வரியும் பொய்.

நான் பள்ளிக்கூடம் போனது மூன்றாம் வகுப்பு வரை. மிச்சப் படிப்பெல்லாம் போடி கடைத்தெருவில் நம் பலசரக்குக் கடையில், பொட்டலம் மடிக்க வாங்கிய பழைய பேப்பரில். அச்சில் வந்ததுகூட மிளகாய் மடிக்கத்தான் ஆகும் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

விளக்கு வைத்ததும் குடும்ப ஜெபம். வீட்டில் ஒருவர் குறைந்தாலும் ஆரம்பிக்க மாட்டீர்கள். எங்கள் பெயர்களை முடித்து, ஏலக்காய் மூட்டை தூக்கும் வீரணன், அவர் பெண்சாதி, மலைத் தோட்டத்துக் கூலிக்காரர்களின் லயங்களில் காய்ச்சலில் கிடப்பவர்கள் என்று நீண்டுகொண்டே போகும். பத்து வயது வரை அவர்களெல்லாம் நம் சொந்தக்காரர்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அந்த நோயாளிகளைக் கட்டிலோடு மலையிறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் நீங்கள் இருவரும்தான். கட்டிலின் முன்பக்கம் வீரணன், பின்பக்கம் நீங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஓர் அறுப்பின் பண்டிகை. ஆராதனை முடிந்து, கோயில் வளாகத்தில் அசனம் என்கிற பொது விருந்து. ஊரே மணக்கும் ஆட்டுக்கறிக் குழம்பு. எனக்குப் பத்தொன்பது வயது, கையில் குழம்பு வாளி. வீரணனைக் கூட்டிவந்து உங்கள் பக்கத்தில் உட்கார வைத்திருந்தீர்கள். இலைகளில் சோறு விழுந்துவிட்டது. சபைச் செயலர் தூரத்திலிருந்தே எனக்குக் கண்ணைக் காட்டினார். நான் வீரணன் இலையில் ஊற்றாமல் தாண்டிப் போனேன். அந்தப் பதற்றத்தில் உங்கள் இலையையும் தாண்டினேன்.

செயலர் வந்து நின்றார். "வீரணா, மரத்தடிக்குப் போப்பா. அங்கன குடுத்தனுப்புறோம்."

"மொதலாளிதான் இங்கன உக்காரச் சொன்னாக," என்றார் வீரணன், சோற்றில் வைத்த கையை எடுக்காமல்.

"இது சபையார் பந்தி. எந்திரி."

நீங்கள் எழுந்தீர்கள். "எந்திரிலே வீரணா. எலையச் சோத்தோட தூக்கு. வெளிய காத்து நல்லா வருது."

"அண்ணாச்சி, உங்கள யாரு எந்திரிக்கச் சொன்னா?" என்றார் செயலர்.

"பீடத்துக்கு முன்னாடி கெடக்குற தளக்கல்லு இவன் முதுகுல ஏறி வந்துச்சு. அது மட்டும் உள்ள கெடக்கலாமாக்கும்? அதையும் வெளிய தூக்கிப் போடச் சொல்லுங்க."

"அது வேணாம் மொதலாளி," என்றார் வீரணன். "திரும்பவும் என்னையத்தான் தூக்கச் சொல்லுவாக."

பந்தியில் பாதி சிரித்தது. மீதிப் பாதி தன் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டது.

தேனி பஸ் புழுதி கிளப்பிப் போக, வாசலுக்கு வெளியே தரையில் இருவரும் கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டீர்கள். வெறுஞ்சோறு. அன்று சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "எலையப் பாத்து ஊத்து ஆத்தா, மூஞ்சியப் பாக்காத," என்றீர்கள். இரண்டு அடி கொடுத்திருந்தால் மறந்திருப்பேன்.

மறு ஞாயிறு, கோயிலில் முதல் மணி அடிக்கும் முன்பே உங்கள் பெஞ்சில் இருந்தீர்கள். அதன்பின் ஒவ்வோர் அசனத்திலும் எல்லாப் பந்திக்கும் நின்று பரிமாறிவிட்டு, உங்கள் இலையை வீரணன் பக்கத்தில் வாசலில் போட்டீர்கள். எண்பதுகளில் உங்களைச் சவப்பெட்டியில் தூக்கும் வரை அப்படித்தான். பெட்டியின் முன்பக்கத்தைத் தூக்கியவரும் வீரணன். இதற்குப் பெயர் விலகிப் போவதா?

அந்தச் செயலரின் மகன்தான் இப்போது செயலர். நேற்று மலரோடு போய்க் கேட்டேன். "அச்சாகிப் போச்சே அத்தை, இனி என்ன செய்ய?" என்றான்.

"சோறு விழுந்த பெறகு ஒரு மனுசன எழுப்ப ஒங்கப்பாவுக்குத் தெரிஞ்சுச்சு. அச்சுல விழுந்த வரிய எழுப்ப ஒனக்குத் தெரியாதாலே?" என்றேன். மேசையில் இந்த ஆண்டு அசனத்துக்கு டோக்கன் அடுக்கியிருந்தது. சபையாருக்கு மட்டும்.

ஆகவே இந்த மடலின் நகல் அவனுக்கும் போகிறது. நடந்ததை நடந்தபடி ஒரு சீட்டில் அச்சடித்து, ஒவ்வொரு மலரிலும் அந்த ஒன்றரை வரியின்மேல் செயலர் தன் கையால் ஒட்ட வேண்டும். ஆயர் அதை அந்தத் தளக்கல்லின்மேல் நின்று சபைக்கு வாசிக்க வேண்டும். டோக்கனைக் கமிட்டி கிழித்துப் போட வேண்டும். வீரணன் பேரன் லேத் பட்டறை வைத்திருக்கிறான். செயலர் ஆள் அனுப்பாமல் நேரில் போய் அவனை அழைக்க வேண்டும். முதல் பந்தி, நடு இலை அவனுக்கு.

அதுவரை என் இலை வாசலில். இதெல்லாம் நடக்கிற அன்றைக்குக் குழம்பு வாளியை வேறு யாரும் தொடக் கூடாது. முழங்கால் வலி என் பாடு. அவன் இலையில் நான்தான் ஊற்ற வேண்டும்.