இடி விட்ட வழி

ஜூன் 11
ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட்டாயிற்று. நாளை மறுநாள் விடிந்ததும் தங்கைக்கு நெஞ்சில் ஆபரேஷன். "நீ வந்து நிக்காம நான் உள்ள போகமாட்டேன்க்கா" என்று போனில் சொல்லிவிட்டாள். சின்ன வயதில் ஊசி போடவும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டுதான் நிற்பாள். ஒருமுறை ஊசி போட வந்தவரைக் கடித்தே விட்டாள், அது தனிக் கதை. நாளை இரண்டு விமானம் ஏற வேண்டும். துணைக்குக் கொழுந்தன் வருகிறார்.

ஜூன் 12, மதியம்
விமான நிலையம். வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஆனால் மழையால் விமானம் தாமதமாம். கொழுந்தன் கவுண்டர் பெண்ணிடம் சண்டைக்குப் போனார். "எங்கம்மா மழை? என் சட்டையைப் பிழிஞ்சா வேர்வைதான் வரும்."

"மழை இங்க இல்லண்ணே. நீங்க ஏற வேண்டிய விமானம் வேற ஊர்ல இடி மின்னல்ல மாட்டிக்கிட்டு நிக்குது. அது வந்தாத்தானே ஏற முடியும்?"

எங்கோ இடி இடிக்க, நான் இங்கே வெயிலில் முடங்கிக் கிடக்கிறேன். வானம் இவ்வளவு நீளமா?

நடுவில் மாறி ஏற வேண்டிய இரண்டாவது விமானத்தை விட்டால், அடுத்தது நாளை மதியம்தான். அதுக்குள்ள அவளை உள்ளே கொண்டுபோயிடுவாங்களே. நான் என்ன செய்வேன்?

அன்றே, சாயங்காலம்
ஜன்னலுக்கு வெளியே மலை மாதிரி ஒரு மேகம். அதன் வயிற்றுக்குள் மின்னல் ஓடுகிறது — சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய விமானம் அதற்கு ஒதுங்கி, சுற்றிக்கொண்டு போனது. பயப்படக்கூட மறந்துபோனேன்.

இறங்கியதும் இரண்டாவது விமானத்தைப் பிடிக்கச் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். "அது போயிருக்கும் அண்ணி, விழுந்து வைக்காதீங்க" என்று பின்னால் கொழுந்தன். போகவில்லை. ஏறினால், வாசலில் முதல் விமானத்தில் எங்களை இறக்கிவிட்ட அதே பணிப்பெண்.

"மறுபடியும் நீங்களா? நீங்க இறங்கின விமானம்தாம்மா இது. கூட்டிப் பெருக்கிட்டு இப்ப நீங்க போற ஊருக்குப் போகுது."

"இதைப் பிடிக்கவா அண்ணி இந்த ஓட்டம்?" கொழுந்தனுக்கு மூச்சு இரைத்தது.

என்னைத் தடுத்த இடியே இதையும் தடுத்து வைத்திருக்கிறது. கும்பிடத் தோன்றியது. எந்தப் பக்கம் பார்த்து?

ஜூன் 13
கையைப் பிடித்தாள். உள்ளே போனாள்.

ஜூன் 16
தங்கை இன்று சாய்ந்து உட்கார்ந்தாள். வந்த கதையைக் கேட்டாள். அந்த மேகத்தை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை, அதனால் ஓடியதிலிருந்து ஆரம்பித்தேன். பணிப்பெண்ணிடம் வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நிறுத்துக்கா. சிரிச்சா தையல் இழுக்குது."