முதல் ஊசி எனக்கு

நைனார்பாளையம்

அன்பு மகள் இளமதிக்கு,

அம்மா எழுதுவது. அந்த ஜெர்மனிக் குளிரில் நீ நோய்நொடி இல்லாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன், இங்கே அப்பாவும் ஆடுமாடும் சுகம். போனில் பேசினால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், இன்று சாமை வாங்கக் கரியாலூர் போயிருக்கிறார், அதனால் மனதில் இருப்பதைக் கொட்டுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. பக்கத்து வீட்டுக் கமலாவைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அவளுக்கு சிடி ஸ்கேன் எழுதிக் கொடுத்ததும் பயந்துபோய் உனக்குப் போன் போட்டாளாம், நீயும் அரை மணி நேரம் பேசினாயாம். சர்க்கரைக்கு என்ன மாத்திரை, தண்ணீர் நிறையக் குடிக்கிறீர்களா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமல் தடித்ததுண்டா என்று ஒன்றுவிடாமல் கேட்டாயாம். தெருக்குழாயில் எல்லோர் முன்னாலும் சொல்கிறாள், "இன்னா பெரியநாயகி, உம் பொண்ணு செய்யற வேலை உனக்கே தெரியலியே, நரம்புல ஒரு மருந்த ஏத்துனா ஸ்கேன்ல ரத்தக்குழாயெல்லாம் பளிச்சுனு வெள்ளையா தெரியுமாம், இப்ப இருக்கறது கிட்னி கெட்டவங்களுக்கு ஆவாதாம், ஆவற மாதிரி ஒண்ண உம் பொண்ணு கண்டுபிடிச்சிகினு இருக்குதாம்" என்று. நான் பெற்றவளைப் பற்றி அவள் எனக்குப் பாடம் நடத்துகிறாள். என்னிடம் நாலு வருஷமாக நீ சொல்வது, "லேப் வேலைம்மா, சாப்பிட்டியா, வச்சிடறேன்", அவ்வளவுதான். குடம் நிறைவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஸ்கேன் எடுத்து வந்த பிறகும் அவள் அலட்டல் அடங்கவில்லை. ஊசி ஏறியதும் உடம்பெல்லாம் கதகதவென்று சூடு பரவும், பயப்படாதீங்க என்று நீ முன்னமே சொன்னாயாம், அப்படியே பரவியதாம். அந்தச் சூட்டின்மேல்கூட எனக்குப் பொறாமை, சிரிக்காதே. லேபில் சோதனைக்கு அந்த மருந்து போட்ட எலிகளைப் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வாயாமே, அதுவும் கமலா சொல்லித்தான் தெரியும்.

இளமதி, எனக்கும் அதே ஸ்கேன் எழுதியிருக்கிறார்கள். ஆடியிலிருந்து வயிற்றில் வலி, அப்பாவுக்குத் தெரியாது. ரத்தம் பார்த்துவிட்டு, கிட்னி சரியில்லை, யோசித்துத்தான் மருந்து போட வேண்டும், உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். நான் போகவில்லை. கமலாவுக்குப் போட்டது யாரோ செய்த மருந்து, நான் என் பெண் செய்த மருந்தைத்தான் போட்டுக்கொள்வேன், அது வரும்வரை காத்திருக்கிறேன். அடுத்த பொங்கலுக்குள் முடித்துவிடுவாய் அல்லவா? வலி தாங்கும்படிதான் இருக்கிறது.

நேரத்துக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும். மருந்து தயாரானதும் முதலில் எனக்குச் சொல், கமலாவிடம் அதற்கு முன் வாய் திறக்காதே.

உன் அம்மா,
பெரியநாயகி