நவம்பர் பூசையில் உன் பெயர்

அபிராமபுரம்,
நவம்பர் 18

அன்பு மகள் ஈவ்லினுக்கு,

மாதா உன் பக்கத்திலேயே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு அம்மா எழுதுவது. போனில் பேசினால் உன் அப்பா வந்து நின்று ஸ்பீக்கரில் போடச் சொல்கிறார். அதனால்தான் அமெரிக்கா திரும்பும் நோயல் அண்ணன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அன்று அவர் வீட்டில் இல்லாதபோது, படிப்பை விட்டுவிட்டு வந்துவிடட்டுமா என்று நீ போனில் அழுதாய். அப்பாவிடம் பக்குவமாகச் சொல்கிறேன் என்றேன். எங்கே சொல்வது? அந்த மனிதர் வாயைத் திறந்தால் உன் யேல் காலேஜ், மூடினால் யேல். சரித்திர வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இந்தத் தண்டனைதான். ஆயிரத்து எழுநூற்று ஒன்றில் ஆரம்பித்த காலேஜாம். நம் ஊர் ஜார்ஜ் கோட்டையில் கவர்னராக இருந்த எலிஹு யேல் பின்னாளில் அனுப்பிய துணி மூட்டைகளை விற்றுக் கட்டடம் கட்டி, அவர் பெயரையே வைத்தார்களாம். அமெரிக்காவில் முதல் டாக்டர் பட்டம் கொடுத்ததும் அங்கேதானாம். சட்டமா, நாடகமா, சரித்திரமா, எதிலும் அடித்துக்கொள்ள ஆளில்லையாம். மீன்காரி தேவானையிடமும் இதே பிரசங்கம். அவள் கேட்டாளே ஒரு கேள்வி: "அதெல்லாம் இருக்கட்டும் சார், அம்மாம் பெரிய காலேஜ்ல பொண்ணு சோறு துண்ணுதா, அத்த சொல்லு." இவர் மீனுக்குக் காசை எண்ணிக் கொடுத்தார். நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று தெரிந்த நான் வஞ்சிரத்தைக் கழுவினேன்.

போன ஞாயிறு நடந்த கூத்தைக் கேள். நீ அங்கே சேர்ந்து ஒரு வருடம் ஆனதற்கு நன்றிப் பூசை வைக்கிறேன் என்று கிளம்பிய மகானுபாவர், கண்ணாடி போடாமல் போய், உன் பெயர் எழுதிய கவரைக் கல்லறை மாதப் பெட்டியில் போட்டுவிட்டார். நவம்பரில் அந்தப் பெட்டியில் விழுவதெல்லாம் செத்தவர்கள் பெயர்தான் என்று நேற்றுப் பிறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஃபாதர் என்ன செய்வார் பாவம், 'ஈவ்லின் ஹென்றியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக' என்று வாசித்துவிட்டார். பக்கத்தில் இருந்த சான்ட்ரா ஆன்டி என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மதியத்துக்குள் வாசலில் மாலையும் கையுமாக ஆட்கள். என் பிள்ளை உயிரோடுதான் இருக்கிறாள் என்று ஒவ்வொருவருக்கும் காபி போட்டுக் கொடுத்துச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

அப்பாவைத் திட்டலாம் என்று திரும்பினால், மனிதர் வாசல் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவே இல்லை. தன் தப்புதான் என்று தெரிந்தும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே இருக்கிறார். வந்தவர்களிடம் காலேஜைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. எல்லாரும் போனபிறகு, "அவ உசுரோட இருந்தா போதும் பியாட்ரிஸ், வேற ஒண்ணும் வேணாம்" என்றார். அப்போதே விஷயத்தைச் சொல்லியிருப்பேன். ஆனால் அது நீ சொல்ல வேண்டியது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்கு அலுத்துவிட்டது.

நீயே கூப்பிடு. சுற்றி வளைக்காமல் சொல். அழுகை வந்தால் அழு, அவர் என்ன கல்லா?

இன்று காலை உன் அறையைப் பெருக்கி, மெத்தைக்குப் புது விரிப்புப் போட்டேன். ஏன், எதற்கு என்று அவர் கேட்கவில்லை. இப்போது ஸ்டூல் மேல் ஏறி உன் ஃபேனைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். இந்த வயதில் விழுந்து கிழுந்து வைக்கப்போகிறார், நான் சொன்னால் எங்கே கேட்கிறார்? நீ வந்து சொல்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து,
அம்மா பியாட்ரிஸ்