காது மெஷின் கடையில் என் கேள்வித்தாள்

ஜூலை 14, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. மாடியில் காயப்போட்டதில் பாதி பக்கத்து வீட்டில். கேள்வித்தாள் ஜெராக்ஸ் நாற்பது. காந்திபுரம் காது மெஷின் கடையில் எனக்கு இது இரண்டாவது வாரம். ஆய்வுத் தலைப்பை யாராவது கேட்டால் இப்போதெல்லாம் ஒரே வரி: நன்றாகக் கவனித்தால் ஆள் அதே கடைக்குத் திரும்பி வருவாரா?

ஃபரீதாவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் பெண். வீடு கோட்டைமேட்டில். என்னைவிட ஏழெட்டு வயது சின்னவர். எதிரில் இருப்பவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்துதான் பேசுவார். டிராயரைக் குனிந்து திறந்தால் பேச்சு நின்றுவிடும். "உதடு தெரியாதுங்களே மேடம்." நான் கல்லூரியில் பாதிப் பாடம் போர்டைப் பார்த்தே நடத்துகிறேன்.

மாலையில் சென்னியப்பன், கருமத்தம்பட்டிக்காரர். முப்பது வருடம் விசைத்தறி ஓட்டிக் காது போனவர். போன மாதம் வாங்கிய மெஷினுக்கு வாரண்டி கார்டில் சீல் வாங்க மகனோடு வந்தார். நான் கேள்வி படிக்க, மகன் போனைப் பார்த்தபடியே, "எல்லாத்துக்கும் அஞ்சு போட்டுருங்க மேடம். நல்ல கடைங்க." அஞ்சுதான் முழு மதிப்பெண். போட்டேன். பெரியவர் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 15, செவ்வாய்

கத்தரிக்காய் கருகிவிட்டது. தயிர்சாதம் மட்டும்.

சாப்பிடும்போது ஃபரீதா மெதுவாக: "தப்பா நெனைக்காதீங்க மேடம். நேத்து அந்தப் பெரியவர் பேப்பர்ல இருக்கறது யாரோட பதிலுங்க?"

மகனுடையது என்றேன். வீட்டில் கேள்வித்தாள் கட்டைப் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் மகன், மகள், வீட்டுக்காரர் சொன்ன பதில்கள். காது கேட்காதவர்களின் ஆய்வில் அவர்களை மட்டும் கேட்கவே இல்லை.

ஆய்வுக் கைடு சாருக்குப் போன். "வாங்கிக் குடுத்தவங்களும் கஸ்டமர்தாம்மா. மாசக் கடைசிக்குள்ள டேட்டா வேணும்." சரி என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. ஆறு வருடமாக இழுக்கும் பி.எச்டி. யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஜூலை 17, வியாழன்

மறுபடியும் எல்லாரையும் கேட்பது. முடிவு. ஃபரீதாவிடம் சொன்னதும் ஒரு பெரிய எழுத்து அட்டையை எடுத்து நீட்டினார். "இந்த சைஸ்ல எழுதுங்க. படிச்சு அவங்களே டிக் பண்ணட்டும்." கேள்விகளைத் திரும்ப எழுதியதில் விரல் வலி.

சென்னியப்பனின் மகனுக்கு ஃபரீதாவே போன் செய்தார். இலவசச் சோதனை என்று பொய் சொல்லி வரவழைத்திருக்கலாம். சொல்லவில்லை. "மேடம் அப்பாவையே கேக்கோணும்ங்கறாங்க. முடிஞ்சா மட்டும் அனுப்புங்க."

ஜாக்கெட் டெய்லரிடம். மறக்காதே.

ஜூலை 19, சனி

சென்னியப்பன் வந்தார்! பஸ்ஸில், தனியாக. மெஷின் சட்டைப் பையில், டப்பாவோடு.

அட்டையைக் கையில் வாங்கி நிதானமாகப் படித்தார். 'உங்கள் தேவையைக் கேட்டறிந்தார்களா?' பேனாவை வாங்கி அஞ்சுக்கு ஒன்று போட்டார். ஃபரீதா பக்கத்திலேயே நிற்கிறார்.

"பையனைக் கேட்டாங்க. என்னைய ஆரும் கேக்கலீங்க. இதைப் போட்டா அத்தனை சத்தமும் மண்டைக்குள்ள வந்துருதுங்க. மூணாம் நாளே கழட்டிப்போட்டேன்."

மெஷினைப் பொருத்தியது ஃபரீதா. முகம் சிவந்துவிட்டது. கடை முதலாளி நாலடி தள்ளி. எப்படியும் சமாளித்திருக்கலாம். ஃபரீதா நாற்காலியை இழுத்துப் பெரியவருக்கு நேரே உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாக: "ஐயா, அன்னைக்கு நானும் உங்க பையனைத்தான் கேட்டேன். எம்மேலதான் தப்புங்க. இப்ப நீங்க சொல்லுங்க."

ஒரு மணி நேரத்துக்கு மேல். கம்ப்யூட்டரில் சத்தத்தைக் குறைப்பது, கூட்டுவது, தெருக் கதவைத் திறந்து பஸ் ஹாரனைக் கேட்கவைப்பது, மறுபடி குறைப்பது. வரிசையில் மூன்று பேர். முதலாளி கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். ஃபரீதா திரும்பவே இல்லை. நானாக இருந்தால் நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன்.

கடைசிக் கேள்வி, 'மீண்டும் இதே கடைக்கு வருவீர்களா?' பேனாவை வைத்துவிட்டார். "போட்டுப் பாக்காம எப்படிங்க சொல்றது?" அட்டையில் இருந்த என் போன் நம்பரை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு கிளம்பினார்.

ஜூலை 22, செவ்வாய்

தூறல். கைடு சார் சென்னியப்பனின் கடைசிக் கேள்வியில் வெற்றுக் கட்டத்தைப் பார்த்து, "சராசரி எடுத்துப் போட்டுரும்மா." மாட்டேன் சார் என்றேன். முதல் தடவை. மேஜைக் காலண்டரைப் புரட்டினார். பிறகு, "எத்தனை நாள் வேணும்?" இரண்டு மாதம் கேட்டேன். சரி என்று தலையை ஆட்டினார். 

நாலரைக்குத் தெரியாத நம்பர்.

"ஏனுங்க அம்மணி, சென்னியப்பன் பேசறனுங்க. அந்தக் கடைசிக் கேள்விக்கு மூணு போட்டுக்குங்க."

போனில் பேசுகிறார்! நான் கத்தினேன்: "மூணுங்களா? ஏனுங்க மூணு?"

"கல்யாண ஊட்டுல இன்னும் எரைச்சலாத்தான் இருக்குது. அந்தப் புள்ள அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்குது, வாரேன். நீங்க கத்தாதீங்க அம்மணி. கேக்குது."